டெல்லியில் ஹஸ்கிக் குட்டி தேடும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

தீபாவளி முடிந்து டெல்லியில் குளிர் தொடங்கியதும் நம்மவர்களிடமிருந்து எனக்கு ஒரு கேள்வி வர ஆரம்பித்துவிடும்: "நல்ல ஹஸ்கிக் குட்டி எங்கே கிடைக்கும்?" ஏப்ரல் பிறந்ததும் இன்னொரு கேள்வி வரும்: "எங்க ஹஸ்கியை யாராவது எடுத்துக்குவாங்களா?" பல சமயம் இரண்டையும் கேட்பது ஒரே வீடுதான். வீட்டாரால் வைத்துக்கொள்ள முடியாமல் போன நாய்களை, வேறு வீடு அமையும்வரை வாங்கி வைத்துப் பார்த்துக்கொள்ளும் சிலரில் நானும் ஒருத்தி. மயூர் விஹார், ஜனக்புரி, ஆர்.கே.புரம், துவாரகா, அப்படியே நொய்டா, குருகிராம் வரைக்கும் இருக்கிற நம் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன்.

பனி நாடுகளில் வண்டி இழுக்க வளர்த்த நாயான ஹஸ்கியை டெல்லியில் வாங்காதீர்கள். இதைச் சொல்லத்தான் இந்த மடல். காரணம் சொல்லாமல் ஒருத்தி சொன்னால் நீங்கள் கேட்க வேண்டியதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இப்போது குட்டி விற்பவர்கள் சொல்லும் புதுப் பேச்சு இது: "சைபீரியன் ஹஸ்கிதான் சூடு தாங்காது சார், இது அலாஸ்கன் ஹஸ்கி, கலப்பினம், எதையும் தாங்கும், கேசிஐ பேப்பரும் தரோம்." இந்த ஒரு வாக்கியத்திலேயே அது பொய் என்பதற்கான சாட்சியும் இருக்கிறது. அலாஸ்கன் ஹஸ்கி என்று ஒரு நாய் உண்டு, நிஜம்தான். ஆனால் அதை ஓர் இனமாக உலகில் நாய் இனங்களைப் பதிவு செய்யும் எந்தப் பெரிய கென்னல் கிளப்பும் ஏற்றுக்கொள்ளவில்லை. அமெரிக்கன் கென்னல் கிளப்பின் பட்டியலில் இல்லை, சர்வதேசக் கூட்டமைப்பின் பட்டியலில் இல்லை, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட நம் கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவும் (கேசிஐ) அந்தப் பெயரில் இனச் சான்றிதழான பேப்பர் கொடுக்க வழியில்லை. பேப்பர் இருந்தால் அது அலாஸ்கன் ஹஸ்கி இல்லை, அலாஸ்கன் ஹஸ்கியாக இருந்தால் பேப்பர் கிடையாது. உங்கள் கைக்கு வருவது பெரும்பாலும் சைபீரியன் ஹஸ்கியோ, அதையும் மாலமூட் என்ற இன்னொரு பனிவண்டி நாயையும் சேர்த்துப் போட்ட குட்டியோதான். நீலக் கண், ஓநாய் முகம், கரடி மாதிரி ரோமம் என்று படத்தில் பார்த்து ஆசைப்படுகிறீர்களே, உண்மையான அலாஸ்கன் ஹஸ்கிகள் பல அப்படி இருக்கவே இருக்காது. ஒல்லியான உடம்பு, நீண்ட கால், சுமார் இருபது கிலோ, அதற்குக் கொஞ்சம் முன்பின். நிறமும் காதும் கண்ணும் நாய்க்கு நாய் மாறும். நம் தெருவில் ஓடினால் நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டீர்கள்.

ஏன் அப்படி என்றால், அந்த நாயை யாரும் முகத்துக்காக வளர்க்கவில்லை. ஓட்டத்துக்காக வளர்த்தார்கள். அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாகவே விளங்கும்.

வட துருவப் பக்கத்தில் மனிதன் நாயைப் பனிவண்டியில் பூட்டியது நேற்று இன்று நடந்ததில்லை. சைபீரியாவுக்கு வடக்கே ஜோகோவ் என்ற தீவில் கிடைத்த 9,500 ஆண்டு பழைய நாயின் மரபணுவை ஆராய்ந்து, இன்றைய பனிவண்டி நாய்களோடு அதற்கு நெருங்கிய உறவு இருப்பதை 2020இல் வெளியிட்டார்கள். அலாஸ்காவின் உள்நாட்டில், யூகான் ஆற்றங்கரைக் கிராமங்களில், பழங்குடி மக்கள் காலங்காலமாகத் தங்கள் நாய்களை வைத்திருந்தார்கள். 1896இல் பக்கத்துக் கனடாவின் கிளாண்டைக்கில் தங்கம் கிடைத்ததும், அப்புறம் அலாஸ்காவின் நோம் கடற்கரையில் கிடைத்ததும் வெளியாட்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள், வந்தவர்களின் நாய்களும் ஊர் நாய்களும் கலந்தன. 1909இல் சைபீரியாவிலிருந்து கொண்டுவந்த சிறிய நாய்கள் நோம் ஊரின் 408 மைல் பந்தயத்தில் ஓடின. எலி மாதிரி இருக்கிறதே என்று அலட்சியமாகப் பேசப்பட்ட அந்த வகை நாய்கள் அடுத்த வருடமே அந்தப் பந்தயத்தை வென்றன. 1925இல் நோம் ஊரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, நெனானாவிலிருந்து 674 மைல் தூரம் இருபது வண்டிக்காரர்கள் மாற்றி மாற்றி ஐந்தரை நாளில் மருந்து கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பால்டோ, டோகோ என்ற நாய்களின் பெயர்கள் உங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும், அந்தக் கதைதான் இது. அதற்குப் பிறகு 1930இல் அமெரிக்கன் கென்னல் கிளப் சைபீரியன் ஹஸ்கியைத் தனி இனமாகப் பதிவு செய்தது, அங்கேயிருந்து அதன் பாதை கண்காட்சி, அழகு, செல்லப்பிராணி என்று ஒரு பக்கம் போனது.

அலாஸ்காவில் நாய் ஓட்டுபவர்கள் அந்தப் பாதையில் போகவில்லை. எந்த நாய் நன்றாக இழுக்கிறதோ, சாப்பிடுகிறதோ, பாதம் புண்ணாகாமல் தாங்குகிறதோ, அதை இன்னொரு நல்ல நாயோடு சேர்த்தார்கள், அவ்வளவுதான். ஹுஸ்லியா என்ற சின்ன ஆற்றங்கரைக் கிராமத்திலிருந்து வந்த ஜார்ஜ் அட்லா, சிறுவயதில் காசநோயால் ஒரு கால் முட்டி மடங்காமல் போனவர், கிராமத்து நாய்களை வைத்துக்கொண்டு ஆங்கரேஜ் நகரின் பெரிய பந்தயத்தைப் பத்து முறை வென்றார். 1960களில் பனி மோட்டார் வண்டி வந்து கிராமங்களில் நாய் வண்டியே மறைந்துபோகும் நிலை வந்தபோது, ஜோ ரெடிங்டன் என்பவர் முன்னின்று 1973இல் ஆங்கரேஜிலிருந்து நோம் வரை, ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர், இடிடராட் பந்தயத்தைத் தொடங்கினார். முதல் வருடம் வென்றவருக்கு இருபது நாள் பிடித்தது. 2017இல், ஃபேர்பேங்க்ஸிலிருந்து நோம் வரை என்று மாற்றிய, ஏறக்குறைய அதே தூரப் பாதையில், மிட்ச் சீவி அதை எட்டு நாள் நான்கு மணி நேரத்துக்குள் முடித்தார். தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து நாயை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள் என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும்.

வேகம் கூட வேண்டும் என்பதற்காக வேட்டை நாய்களையும் கலந்தார்கள். 2010இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று இந்த நாய்களை அலசிப் பார்த்தது. சைபீரியன் ஹஸ்கி, மாலமூட் ரத்தம் நெடுந்தூரம் தாங்கும் சக்தியோடும், பாயிண்டர், சலூக்கி ரத்தம் வேகத்தோடும் சேர்ந்து வருவதைக் கண்டது. அனடோலியன் ஷெப்பர்டு என்ற துருக்கிக் காவல் நாயின் ரத்தம்கூட இருந்தது, அது வேலையில் காட்டும் முனைப்போடு தொடர்புடையதாம். இத்தனை கலந்தும், இந்த நாய்கள் மரபணுவில் மற்ற எல்லா இனங்களிலிருந்தும் விலகித் தனிக் கூட்டமாக நிற்கின்றன என்பதும் அந்த ஆய்வின் முடிவு. ஸ்காண்டிநேவியாவில் இன்னும் ஒரு படி போய் அலாஸ்கன் ஹஸ்கியை ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயிண்டரோடு சேர்த்து யூரோஹவுண்ட் என்ற குட்டை ரோம நாயை உருவாக்கினார்கள், குறுந்தூரப் பந்தயத்துக்கு. குட்டை ரோமம் என்றால் டெல்லிக்குச் சரியாக இருக்குமே என்று உடனே கேட்காதீர்கள். ரோமம்தான் குறைந்தது, ஓட்ட வெறி கூடியிருக்கிறது.

பந்தய நாட்களில் இந்த நாய் ஒன்று ஒரு நாளைக்கு 10,000 கலோரிக்கு மேல் எரிக்கிறது. நம்மில் ஒருவர் சாப்பிடுவது இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு. நாள் முழுக்க ஓடி, சில மணி நேரம் வைக்கோலில் படுத்து எழுந்து, மறுநாளும் ஓடுவதற்கென்றே அமைந்த உடம்பு அது. வண்டியைப் பூட்டும் நேரத்தில் அவை குதித்து, கத்தி, கயிற்றைக் கடித்து, எப்போது அவிழ்த்து விடுவாய் என்று துடிக்கும். யாரும் அடித்து ஓட்டுவதில்லை, பிரேக் பிடித்து நிறுத்தத்தான் ஆள் வேண்டும். ரேக்ளா காளையைக் கொண்டுவந்து மூன்றாவது மாடி வீட்டில் கட்டிவைக்க நம் யாருக்கும் தோன்றாது, ஆனால் இந்த நாயை வைத்திருக்கிறோம்.

குணத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் குணத்தில் இது மிக நல்ல நாய். மனிதர்களிடம் இவ்வளவு பிரியமான வேலை நாயைப் பார்ப்பது அரிது. பந்தய வழியில் முன்பின் தெரியாத மருத்துவர்கள் காலைத் தூக்கிப் பார்ப்பார்கள், வாயைத் திறந்து பார்ப்பார்கள், கடிக்கிற நாய்க்கு அங்கே இடமில்லை. அதனால் இது காவலுக்கு உதவாது, வருகிற எல்லோரையும் வாலாட்டி உள்ளே அழைக்கும். கூட்டத்தோடு வாழ்ந்து பழகிய ரத்தம் என்பதால் தனிமை தாங்காது. நீங்கள் இருவரும் ஆபீஸ், பிள்ளை பள்ளிக்கூடம், நாய் காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை பூட்டிய வீட்டில் என்றால், அது ஊளையிடும். குரைப்பு மாதிரி இல்லை, நாலு பிளாக்குக்குக் கேட்கும் நீண்ட ஊளை. குடியிருப்போர் சங்கத்தின் நோட்டீஸ் வரும். சோபா போகும், கதவு போகும். கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தால் அதுவே போகும், போனால் திரும்பிப் பார்க்காமல் போகும், ஏனென்றால் முன்னால் ஓடுவதற்கென்றே அது பிறந்திருக்கிறது. மண் கிடைத்தால் தோண்டும். பூனை, கோழி, புறா எதைக் கண்டாலும் துரத்தும், நம் பால்கனிகளில் புறாவுக்கா பஞ்சம்? வலை போடாத பால்கனியும் ஹஸ்கியும் ஒரே வீட்டில் இருக்கவே கூடாது.

அங்கே, அலாஸ்காவிலும் நார்வேயிலும், பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற நாய்களை வீடுகளுக்குத் தத்துக் கொடுக்கிறார்கள். ஒன்பது பத்து வயதில் அவை அடுப்புப் பக்கம் படுத்து, தினமும் பனியில் ஒரு நல்ல ஓட்டம் ஓடி, பிள்ளைகளோடு நிம்மதியாக இருக்கின்றன. ஓட இடமும் குளிரும் ஆளும் இருக்கும் இடத்தில் இது அருமையான துணை. எனக்கு இந்த நாயைப் பிடிக்கும், மிகவும் பிடிக்கும். அதனால்தான் இங்கே வேண்டாம் என்கிறேன்.

சரி, டெல்லிக்கு வருவோம்.

2024 மே கடைசியில் சஃப்தர்ஜங்கில் 46.8 டிகிரி பதிவானது உங்களுக்கு நினைவிருக்கும், ஃபேன் காற்றே அனல் வீசிய வாரம் அது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். வாயில் இருக்கும் ஈரம் காற்றில் ஆவியாகிற வரைதான் அதற்குப் பலன். விற்பவர் "ஏசி எதுக்கு, கூலர் போதும்" என்கிறார். கூலர் என்பது ஈரக் காற்று. ஜூனில் லூ என்ற வறண்ட அனல்காற்று அடிக்கும்போது ஓரளவு உதவும், ஜூலை ஆகஸ்டில் மழை ஈரத்தோடு கூலர் ஈரமும் சேர்ந்தால் நாயின் வாயில் எதுவும் ஆவியாகாது, மூச்சிரைத்து மூச்சிரைத்தே உடம்பு இன்னும் சூடாகும். ஏசி வைத்திருக்கிறோம் என்று நீங்கள் சொல்வீர்கள். கரண்ட் போனால்? மூத்திரம் போக வெளியே இறக்கும்போது? மாலை ஏழு மணிக்கும் தார் ரோடு சூடாக இருக்கும், உங்கள் உள்ளங்கையை ரோட்டில் வைத்து உங்களால் பொறுக்க முடியவில்லை என்றால் அதன் பாதத்துக்கும் முடியாது. அப்புறம் மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை இருபத்திநாலு மணி நேரமும் ஒரே அறையில் கிடப்பதை, ஓடுவதற்கென்றே பிறந்த ஓர் உயிரின் வாழ்க்கை என்று எப்படிச் சொல்வது?

குளிர்காலத்தில் ஓட்டிக்கொள்கிறோமே என்பார்கள். இதை யாரும் யோசிப்பதில்லை: டெல்லியில் இந்த நாய்க்கு ஏற்ற வெப்பநிலை வரும் மாதங்கள்தான் காற்று விஷமாகும் மாதங்கள். நவம்பரில் காற்றுத் தரக் குறியீடு நானூறைத் தாண்டும், பள்ளிக்கூடத்தையே மூடுகிறார்கள், பிள்ளைகளை வெளியே விளையாட விடாதீர்கள் என்கிறார்கள். அந்தக் காற்றில் ஒரு நாயை ஐந்து கிலோமீட்டர் ஓட வைத்தால் அது எத்தனை மடங்கு மூச்சு இழுக்கும்? கோடையில் சூடு, குளிரில் புகை. இரண்டுக்கும் நடுவில் பிப்ரவரியும் மார்ச்சில் பாதியும் மிஞ்சும்.

ரோமத்தை மழித்துவிடலாம் என்று சொல்லும் கடைக்காரர்களை நம்பாதீர்கள். அந்த இரட்டை ரோமத்தின் மேல் அடுக்கு வெயிலையும் தடுக்கிறது. மழித்தால் தோல் வெந்துபோகும், திரும்ப முளைப்பதும் ஒழுங்காக முளைக்காமல் போகலாம். தினமும் வாரி உள்ரோமத்தை எடுப்பதுதான் வழி.

கலப்பினம் என்றால் நோய் வராது என்ற பேச்சும் முழு உண்மை இல்லை. அலாஸ்கன் ஹஸ்கிகளிலேயே மூளையைத் தாக்கும் ஒரு பரம்பரை நோய் இருக்கிறது, தயமின் என்ற பி1 வைட்டமினை மூளைக்குக் கொண்டுசேர்க்கும் மரபணுவில் வரும் பிழை அது, இளம் வயதிலேயே வலிப்பும் தள்ளாட்டமும் வரும். சைபீரியன் பக்கத்திலிருந்து கண்புரையும், துத்தநாகக் குறைவால் வரும் தோல் நோயும் வரலாம். தாய் தகப்பனுக்கு என்ன பரிசோதனை செய்தீர்கள் என்று விற்பவரைக் கேட்டுப் பாருங்கள், பதில் சொல்ல முடிகிறதா என்று பார்ப்போம்.

2024இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், நம் வெயிலுக்கு ஒத்துவராது என்று இனப்பெருக்கம் செய்யக் கூடாத இனங்களைப் பட்டியல் போட்டார்கள், சைபீரியன் ஹஸ்கியும் அலாஸ்கன் மாலமூட்டும் அதில் இருந்தன. எதிர்ப்பும் எழுந்தது. கொள்கையின் மற்ற பகுதிகளைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கலாம், ஆனால் இந்த இரண்டு நாய்களைப் பொறுத்தவரை அது சொன்ன காரணம் சென்னைக்கு எவ்வளவு பொருந்துமோ அதைவிட டெல்லிக்குப் பொருந்தும்.

விற்பவர்களிடம் நேரடியாகச் சொல்லவும் ஒன்று உண்டு, இதை நீங்கள் அவர்களிடம் காட்டலாம். 2017இல் வந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்யாமல் இனப்பெருக்கம் செய்து விற்கக் கூடாது, எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. கையில் அடங்குகிற, இன்னும் கண் தெளியாத குட்டியைப் பையில் போட்டுக் கொண்டுவந்து மெட்ரோ நிலைய வாசலில் கைமாற்றுகிறார்களே, அது சட்டவிரோதம். வேறு எந்த நாய் வாங்கினாலும் இதைக் கேளுங்கள்.

பிள்ளை கேட்கிறான், என்ன செய்வது என்று ஓர் அம்மா என்னிடம் கேட்டார். பிள்ளை கேட்பது ஒரு நாயைத்தான், பனிவண்டியை இல்லை. உங்கள் தெருவிலேயே பிறந்து, இந்த வெயிலையும் இந்தக் குளிரையும் தலைமுறை தலைமுறையாகத் தாங்கிய தேசிக் குட்டிகள் ஒவ்வொரு வருடமும் தத்துக்குக் காத்திருக்கின்றன. அறிவு, பாசம் எதிலும் குறைவில்லை, காவலுக்கும் ஆகும். ஊர்ப் பாசத்தில் சிப்பிப்பாறையோ ராஜபாளையமோ கொண்டுவரலாமா என்று கேட்பவர்களுக்கும் அதே யோசனையைத்தான் சொல்வேன்: சிப்பிப்பாறை முயல் வேட்டைக்கு ஓடிய நாய், மெல்லிய ரோமம், ஜனவரியில் இங்கே நடுங்கும், அதற்கும் ஓட இடம் வேண்டும். ராஜபாளையம் காவல் நாய், அந்நியரைச் சேர்க்காது, தினமும் டெலிவரிக்காரர்கள் ஏறி இறங்கும் அடுக்குமாடிக்குக் கஷ்டம். ஊர்ப் பெருமைக்காக ஒரு நாயைக் கஷ்டப்படுத்த வேண்டியதில்லை.

ஏற்கனவே வீட்டில் ஹஸ்கி இருப்பவர்களுக்கு. உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அது இப்போது உங்கள் வீட்டுப் பிள்ளை, நன்றாக வைத்துக்கொள்வோம். கோடையில் விடியற்காலை ஐந்துக்கு முன் ஒரு நடை, ராத்திரி பத்துக்கு மேல் ஒரு நடை. பகலில் ஏசி அறை, இன்வெர்ட்டர் ஃபேன், தரையில் ஈரத்துணி, ஐஸ் கட்டி போட்ட தண்ணீர். உடம்பால் ஓட முடியாத மாதங்களில் மூளைக்கு வேலை கொடுங்கள்: சாப்பாட்டைத் தட்டில் போடாமல் வீடு முழுக்க ஒளித்துவைத்து மோப்பம் பிடித்துத் தேட விடுங்கள், பத்து நிமிடம் புதிதாக எதையாவது கற்றுக்கொடுங்கள். கழுத்துப் பட்டையை விட மார்பில் மாட்டும் ஹார்னஸ் நல்லது, இழுப்பது அதன் பிறவிக் குணம். மாநகராட்சியில் பதிவு செய்வது கட்டாயம், அதற்கு ரேபிஸ் ஊசிச் சீட்டு வேண்டும், கூடவே மைக்ரோசிப்பும் போட்டுவிடுங்கள், ஓடிப்போனால் கண்டுபிடிக்க அது உதவும்.

மூச்சிரைப்பு நிற்காமல், ஈறு செக்கச் சிவந்து, எச்சில் கெட்டியாகி, நடை தள்ளாடினால் அது ஹீட் ஸ்ட்ரோக். நாயின் சாதாரண உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி, 41ஐத் தாண்டினால் உறுப்புகள் பழுதாகத் தொடங்கும். காரை எடுக்க ஓடாதீர்கள். முதலில் குழாய்த் தண்ணீரை வயிறு, தொடை இடுக்கு, பாதம் எல்லாம் நனைய ஊற்றி ஃபேனுக்கு அடியில் போடுங்கள், கொஞ்சம் தணிந்த பிறகு ஏசி காரில் டாக்டரிடம் கொண்டுபோங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி மூடி வைக்காதீர்கள், சூடு உள்ளேயே நிற்கும்.

எதுவும் முடியவில்லை, வேறு வீடுதான் பார்க்க வேண்டும் என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு ராத்திரியில் நெடுஞ்சாலையோரம் இறக்கிவிட்டு வருபவர்கள்தான் பெரிய தீங்கு செய்கிறார்கள். பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. தெருவில் விட்ட ஹஸ்கி மே மாதத்தில் அதிகம் போனால் சில நாள் தாங்கும். முன்கூட்டியே சொல்லுங்கள், பிப்ரவரியிலேயே சொல்லுங்கள். இமாசலத்திலோ உத்தராகண்டிலோ மலைப் பக்கம் தோட்டம் துரவோடு இருக்கும் நல்ல வீடு தேட எங்களுக்கு இரண்டு மூன்று மாதம் வேண்டும், ஏப்ரலில் எல்லோரும் ஒரே சமயத்தில் கேட்கும்போது அது முடிவதில்லை. சொல்லும்போது நாயின் வயது, கருத்தடை ஆகிவிட்டதா, ஊசிச் சீட்டு, பூனையோடும் சின்னப் பிள்ளைகளோடும் எப்படி இருக்கும், தனியாக விட்டால் என்ன செய்யும் என்பதை மறைக்காமல் எழுதி அனுப்புங்கள். அது தினமும் என்ன சாப்பிடுகிறது, எந்தச் சத்தத்துக்குப் பயப்படும் என்பதையும் சேர்த்து எழுதினால், எடுத்துக்கொள்ளும் வீட்டில் முதல் வாரம் சுலபமாக இருக்கும்.

இப்படிக்கு,
மயூர் விஹாரிலிருந்து உங்களில் ஒருத்தி